வேண்டாம் என்று சொல்லமாட்டேன்

1

நம் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் நர்ஸ் படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறப் போகிறார்களாம். "அங்கே சாப்பாட்டு மேசையிலும் டீக் கடையிலும் பேசுகிற இங்கிலீஷ் நம் பாடப் புத்தகத்து இங்கிலீஷ் இல்லை என்கிறார்கள். நீங்கள் எட்டு வருஷமாக இருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு உதவும்படி கொஞ்சம் எழுதுங்களேன்" என்று நம் ஊர்ப் பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார்.

கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. வேலை அதிகம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்தப் பட்டியலில் ஒரு வாசகத்தை எழுதாமல் விட முடியாது. எழுதினால் அதோடு சேர்ந்த கதையையும் எழுத வேண்டும். அந்தக் கதையை உங்களில் பலர் ஏற்கெனவே கேட்டிருக்கிறீர்கள். கேட்டது பாதிதான், அந்தப் பாதியும் பொய்.

என் பெயர் லூர்துமேரி. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு எதிரில் காப்பிக் கடை வைத்திருக்கும் சவரிமுத்துவின் மகள்.

2

கொடைக்கானல் பஸ்கள் மலையேறுமுன் எங்கள் ஊரில் நிற்கும். பயணிகள் இறங்கி, குடித்துவிட்டு, ஹாரன் அடித்ததும் ஓட வேண்டும். அதனால் எங்கள் கடையில் யாரும் முழு வாக்கியம் பேசிக் கேட்டதில்லை. "ஸ்ட்ராங்கா ஒண்ணு." "ஆத்தாம ரெண்டு." "சக்கர கம்மி." சில டிரைவர்கள் அதுகூடச் சொல்வதில்லை. வந்து உட்கார்ந்தால் அப்பா டம்ளரை எடுத்து வைத்துவிடுவார்.

தெரிந்தவர் யாராவது கடைப் பக்கம் வந்து, "வேணாம்ணே, இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்" என்றால், "சும்மா குடிங்கண்ணே" என்று அவர் முன்னாலும் ஒரு டம்ளர் வந்துவிடும். அவரும் குடித்துவிடுவார். வேண்டாம் என்ற சொல்லை அப்பா காதில் வாங்கியதே இல்லை.

நான் திண்டுக்கல்லில் கன்னியர் நடத்தும் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தேன். கோடை விடுமுறையில் கடையில் இருப்பேன். மலைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் கேட்பதை அப்பாவுக்குச் சொல்வது என் வேலை. ஒருநாள் ஒரு துரைசாணி பால் இல்லாமல் இரண்டு டீ கேட்டாள். நான் அவளோடு இரண்டு வார்த்தை பேசி, வாங்கிக் கொடுத்தேன். என் உச்சரிப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். அவள் சொன்னதை நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அவ்வளவுதான். ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காப்பியோடு அந்தச் செய்தியும் கிடைத்தது.

"எம் மக பேசுன இங்கிலீஷக் கேட்டு வெள்ளக்காரியே அசந்து போயிட்டாடா."

நான் இங்கே வந்த பிறகு என் கடிதங்களையும் அவர் அப்படித்தான் கடையில் வைத்து உரக்க வாசித்தார். நான் எழுதும்போதே அந்த பெஞ்சுகளும், கண்டக்டர்களும், பூக்கூடையோடு நிற்கும் நிலக்கோட்டைக்காரர்களும் கண்முன் வந்துவிடுவார்கள்.

3

வருகிற பெண்களே, முதலில் சுலபமானவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

"ஒயிட், டூ" என்று ஒருவர் சொன்னால் பால் விட்டு இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீ. "ஆஸ் இட் கம்ஸ்" என்றால் எப்படி இருந்தாலும் சரி. "கப்பா" என்றால் ஒரு கோப்பை டீ. "டீக்கு வா" என்று வடக்குப் பக்கத்துக்காரர் கூப்பிட்டால் அது டீ இல்லை, மாலைச் சாப்பாடு. நான் விடுதியில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒரு வீட்டுக்குப் போய், மேசையில் உருளைக்கிழங்கும் கறியும் கண்டு விழித்தேன். அவர்கள் எனக்காகவே சமைத்திருந்தார்கள்.

ஒருவர் உங்கள் கோப்பையில் பாலை ஊற்றிக்கொண்டே "சே வென்" என்பார். போதும்போது சொல் என்று அர்த்தம். நான் "வென்" என்றால் எப்போது என்றுதானே படித்திருந்தேன்? எதை எப்போது சொல்வது என்று புரியாமல் மரியாதையாக நின்றேன். பால் தட்டில் வழிந்தது.

"ஐ'ம் ஆல்ரைட்" என்பது நலமாயிருக்கிறேன் என்பதல்ல, எனக்கு வேண்டாம் என்பது. இங்கேயே பிறந்த என் மகளுக்கு ஐந்து வயது. நான் சோறும் வெஞ்சனமும் வைத்துக் கூப்பிட்டால், பொம்மையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஐ'ம் ஆல்ரைட், மம்மி" என்கிறாள். "வேணாம்மா" என்று சொன்னாலாவது நான் கெஞ்சி ஊட்டலாம். இதைக் கேட்டதும் தட்டை மூடி வைத்துவிடுகிறேன்.

இனி அந்த இன்னொரு வாசகம்.

4

நான் வந்த நாலாவது மாதம். ஆண்கள் வார்டில் எனக்கு வேலை. வார்டின் தலைமை நர்ஸை இங்கே சிஸ்டர் என்பார்கள். நம் கன்னியாஸ்திரிகள் என்று நினைத்து முதல் நாள் நான் "பிரெய்ஸ் த லார்ட், சிஸ்டர்" என்று சொன்னதில் வார்டே சிரித்தது. அன்றிலிருந்து யாரிடமும் எதையும் திருப்பிக் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். புரியாவிட்டாலும் புரிந்த மாதிரி தலையாட்டினேன். பெரிய கேடெல்லாம் அந்தத் தலையாட்டலில்தான் தொடங்கியது.

பகலில் மூன்று முறை டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் போவது புதிதாக வந்தவளின் வேலை. யார் குடித்தார்கள், யார் மறுத்தார்கள் என்று அட்டையில் எழுத வேண்டும்.

ஜன்னலோரக் கட்டிலுக்கு மிஸ்டர் வாட்கின் என்பவர் வந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த கிழவர். நெஞ்சுச் சளி, காய்ச்சல். நிறையக் குடிக்கக் கொடுக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நான் வண்டியை நிறுத்தி, "டீ, மிஸ்டர் வாட்கின்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஐ வுடன்ட் சே நோ, லவ்" என்றார். "லவ்" என்பது நாம் "கண்ணு" என்கிற மாதிரி.

மூச்சு வாங்குகிற குரல். அதில் எனக்குப் பிடிபட்டது "நோ" ஒன்றுதான். தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அட்டையில் "மறுத்தார்" என்று எழுதினேன்.

மாலையிலும் அப்படியே. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் இன்னும் நீளமாக ஏதோ சொன்னார். அதிலும் "நோ" இருந்தது. காலை உணவோடு வேறொரு நர்ஸ் கொடுத்த ஒரு கோப்பையும் எப்போதாவது ஒரு மிடறு தண்ணீரும்தான் அவர் குடித்தது. தண்ணீர்க் கூஜா அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்ததை நான் பார்த்தேன். வேண்டாம் என்கிற மனிதருக்கு அது எங்கே இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

நாலாம் நாள் மாலை நாலு மணிக்கு அவர் தானாகக் கட்டிலைவிட்டு இறங்கி, வார்டு அடுப்படிப் பக்கம் நடந்திருக்கிறார். கதவருகே தலைசுற்றி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

சிஸ்டர் அட்டையைப் புரட்டினார். வரிசையாக என் கையெழுத்து.

"எல்லாவற்றையும் மறுத்தாரா?"

"யெஸ், சிஸ்டர்."

"பிடிவாதக்காரக் கிழவர்" என்று சொல்லி அட்டையை மூடினார். அந்த நிமிஷம் வரை நான் பொய் சொல்லவில்லை.

5

அன்று ஆறு மணிக்கு நர்ஸ் விடுதியில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என் அறைத்தோழி ஏலியம்மாவிடம் தட்டை நீட்டினார்கள். ஏலியம்மா கோட்டயத்துப் பக்கத்துப் பெண். அவளுடைய அண்ணன் கொடைக்கானலில் வேலை பார்ப்பதால் சிறு வயதில் சில வருஷம் அங்கே இருந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்து மட்டும் தெரியாது. எனக்கு முன்பே வந்தவள். கூச்சமில்லாமல் கேட்டுக் கேட்டு இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டவள்.

அவள் கேக்கைப் பார்த்து, "ஐ வுடன்ட் சே நோ!" என்று சொல்லி இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள்.

அவளை வெளியே இழுத்து வந்து, "இப்ப என்ன சொன்ன? அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னு சொல்லமாட்டேன். அதாவது குடு, சந்தோஷமா வாங்கிக்கறேன்னு அர்த்தம். ஏன், உன் முகம் இப்படி ஆயிப்போச்சு?"

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவள் கையிலிருந்த கேக்கைச் சாப்பிடாமலேயே நின்றாள்.

"சிஸ்டர் இன்னும் வார்டிலதான் இருக்காங்க. இப்பவே போய்ச் சொல்லு, லூர்து. நானும் கூட வாரேன்."

"நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்குன்னா சொல்லமாட்டே."

படிப்பிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். வத்தலக்குண்டில் பஸ்ஸைவிட்டு நான் இறங்குவதும், கடையில் பேச்சு நிற்பதும் தெரிந்தது. அவள் சொன்னபடியே, நான் போகவில்லை.

மறுநாள் காலை வாட்கினின் மகள் வந்திருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். தலையில் மழைக்கான துணி கட்டியிருந்தாள். "அப்பா டீயை வேண்டாம் என்று சொல்கிற ஆளே இல்லையே. உங்களிடம் என்னதான் சொன்னார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஹீ செட் நோ" என்றேன்.

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததுதான். ஆனால் முந்தைய நாள் சொன்ன "யெஸ், சிஸ்டர்" வேறு, இது வேறு. இது தெரிந்து சொன்னது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அப்படியானால் அவருக்கு வாழ்க்கை போதும் என்று ஆகிவிட்டது போல" என்று மெதுவாகச் சொன்னாள். நான் டீ வண்டியை அடுத்த கட்டிலுக்குத் தள்ளினேன்.

6

வாட்கினை நீண்ட நாள் நோயாளிகள் இருக்கும் வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். ஆறு வாரம் கழித்து, ஒரு விடுமுறை நாளில் பஸ் பிடித்துப் போனேன். சாய்வு நாற்காலியில் கம்பளி போர்த்தி உட்கார்த்தி வைத்திருந்தார்கள். கால் அசையவில்லை. என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்து சிரித்தார்.

அவர் அருகே உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் சொன்னதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதைச் சொன்னேன். அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

"நான் உன்னை ஏதோ புண்படுத்திவிட்டேன் என்றல்லவா நினைத்தேன்! முதல் நாள் மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டேனோ என்று, அடுத்த நாள் 'உனக்குச் சிரமம் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்' என்றேன். அதற்கும் நீ போய்விட்டாய். சரி, இன்னும் பணிவாகக் கேட்போம் என்று பார்த்தேன்."

அவர் தாகத்தோடு படுத்துக்கொண்டு, என் மனம் நோகாமல் கேட்க ஒவ்வொரு நாளும் வார்த்தை தேடியிருக்கிறார். தேடிய ஒவ்வொரு வார்த்தையும் அவரை டீயிலிருந்து இன்னும் தள்ளிவைத்திருக்கிறது.

அவர் என்னைத் திட்டவில்லை. மகளிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "அவளுக்கு ஏற்கெனவே கவலை போதாதா?" என்றார். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் அப்புறம் நடக்கவே இல்லை. அடுத்த குளிர்காலத்தில் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மகளுக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் தன் தகப்பனை அடக்கம் செய்திருப்பாள்.

7

பாரம் தாங்காமல் அப்பாவுக்கு எழுத உட்கார்ந்தேன். "அப்பா, இங்கே ஒரு தவறு செய்துவிட்டேன்" என்று ஆரம்பித்தேன். கடையின் பெஞ்சுகள் கண்முன் வந்தன. தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன்.

"இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. என் கூட இருக்கும் ஏலியம்மா என்ற பெண்..."

பெயர் போடாமலாவது விட்டிருக்கலாம். பெயர் இருந்தால்தான் கதை நம்பும்படி இருக்கும் என்று தோன்றியது. கிழவர் விழுந்ததை எழுதவில்லை. மூன்று நாள் டீ கிடைக்காமல் தவித்தார், கடைசியில் நான்தான் அர்த்தம் சொல்லிக் கொடுத்தேன் என்று முடித்தேன்.

அப்பாவுக்கு அந்தக் கதை அவ்வளவு பிடித்துப்போயிற்று. ஏழு வருஷம் சொன்னார். காப்பி ஆற்றிக்கொண்டே கிழவர் மாதிரி இழுத்துப் பேசிக் காட்டுவாராம். கடையில் யாராவது "வேணாம்ணே" என்றால், "வேணாமா, வேணாம்னு சொல்லமாட்டியா? தெளிவாச் சொல்லுலே" என்பது வழக்கமாகிவிட்டதாக அவரே எழுதினார். உங்களில் எத்தனையோ பேர் அதைக் கேட்டுச் சிரித்திருப்பீர்கள்.

8

போன வருஷம் ஏலியம்மா முதல்முறையாக லீவில் ஊருக்குப் போனாள். கொடைக்கானலில் அண்ணனைப் பார்க்கப் போகும் வழியில் அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தனுப்பினேன். பழைய கடிதம் எனக்கு நினைவு வராமல் இல்லை. வருஷம் எத்தனை ஆயிற்று, யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

திரும்பி வந்தவள் இரண்டு வாரம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானே போனேன். அப்பா கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

"அப்பா நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கார். பேர் சொன்னதும் எழுந்து வந்துட்டார். 'ஏலே, இங்க வாங்கடா, கிழவருக்கு டீ குடுக்காத புள்ள இதுதான்டா'ன்னு எல்லாரையும் கூப்பிட்டார்."

நான் முறுக்குப் பொட்டலத்தைத் தள்ளிவைத்தேன்.

"'கோவிச்சுக்காத தாயி, காப்பி குடிக்கிறியா? வேணாம்னு சொல்லமாட்டேன்னு இங்கிலீசுல சொல்லு, பெரிய டம்ளர்ல தாரேன்'னார். பஸ்ஸிலிருந்து இறங்கினவங்ககூட நின்னு பார்த்தாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஐ வுடன்ட் சே நோன்னு சொன்னேன். எல்லாரும் கைதட்டினாங்க. காப்பி குடிச்சேன். பஸ்ஸில ஏறினேன்."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே, ஏலி."

"உன் அப்பா முகத்தைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில நான் எப்படிச் சொல்றது? அது உன் வேலை, லூர்து. சிஸ்டர்கிட்டச் சொல்றதும் உன் வேலையாத்தான் இருந்தது."

அவள் சத்தம் போடவில்லை. முறுக்கை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, துவைத்த துணியை மடிக்கப் போய்விட்டாள்.

9

அப்பாவுக்கு எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. இந்த முறை கிழவர் விழுந்ததையும், அவர் மகளிடம் நான் சொன்னதையும் எழுதினேன்.

பதில் வந்தது. எனக்கு மூன்று வரி. உடம்புக்குச் சுகம், மழை இல்லை, உள்ளே இருக்கும் தாளை அந்தப் பெண்ணிடம் வாசித்துக் காட்டு. அவ்வளவுதான். ஏலியம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று நான்தான் எழுதியிருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து அவள் அறைக்குப் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே வாசித்தேன்.

"ஏலியம்மாளுக்கு வத்தலக்குண்டு சவரிமுத்து எழுதிக்கொண்டது. தாயி, நீ செய்யாத காரியத்துக்கு உன்னய நிக்க வச்சு ஊரச் சிரிக்க வச்சிட்டேன். அம்புட்டுப் பேரு சிரிக்கயில நீ ஒத்த வார்த்த எதுத்துப் பேசாம காப்பியக் குடிச்சிட்டுப் போன. அது இப்பத்தான் எனக்கு உறைக்குது. அந்தக் கதைய நான் இனிமே சொல்லமாட்டேன். சொன்னவங்ககிட்ட எல்லாம் அது நீ இல்ல, எம் மகதான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ அடுத்த தடவ மலைக்குப் போறப்ப கடைக்கு வரணும். வராட்டியும் குத்தமில்ல. இப்படிக்கு, சவரிமுத்து."

தாளை மடித்தேன்.

"ஒரு வரியை விட்டுட்டே" என்றாள் ஏலியம்மா.

"இல்லையே."

"உன் கண் ஒரு இடத்தில நின்னுது. அப்புறம் கீழே தாண்டிப் போச்சு. வாசி, லூர்து."

விரித்தேன். விட்டுவிட்ட வரியை வாசித்தேன்.

"எம் மக எழுதுற காயிதத்த இனிமே கடையில வச்சு வாசிக்கப் போறதில்ல. எதுல எம்புட்டு நெசம்னு எனக்குத் தெரியல."

அவள் என்னைத் தேற்றவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. மேசையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தாள்.

"நான் சொல்றதை எழுது. அப்பா, காப்பி நல்லா இருந்தது. சிரிச்சது எனக்குக் கஷ்டமாத்தான் இருந்தது, ஆனா உங்கமேல கோபம் இல்லை. உங்க மக மேல இருக்கு. அது போக நாளாகும். அவ காயிதத்தை நீங்க வாசிக்காம இருக்கவேண்டாம். அடுத்த கோடையில வருவேன், சாதாரணமா ஒரு காப்பி குடுங்க."

ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் எழுதினேன். அவள் மலையாளத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒட்டுவதற்காக உறையை எடுத்தேன். அவள் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "இரு" என்று சொல்லி, காரிடாரின் அந்தக் கோடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து நர்ஸின் கதவைப் போய்த் தட்டினாள். நான் அவள் அறையிலேயே நின்றேன். அங்கே அந்தப் பெண் நான் எழுதியதை ஒவ்வொரு வரியாக உரக்க வாசிப்பது கேட்டது. கடைசி வரிவரை கேட்டுவிட்டுத் திரும்பி வந்துதான் ஏலியம்மா உறையை ஒட்டினாள்.